தம்பானூர் காபி ஹவுஸில் முதலாளி யார்?

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கேரள அரசுப் பேருந்து நிலையம். அதை ஒட்டி, செங்கல் நிறத்தில், சுவரெங்கும் சின்னச் சின்ன ஓட்டைகளோடு ஒரு வட்டக் கட்டடம் சுருண்டு மேலே ஏறும். அதுதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று கட்டடத்தைப் புகழ்வார்கள், இல்லையென்றால் மசால் தோசைக்குள் எதற்குப் பீட்ரூட் என்று கோபப்படுவார்கள். நானும் இரண்டையும் தொடத்தான் போகிறேன். ஆனால் எனக்கு இந்தக் கடையில் ஆர்வமே கல்லாவைப் பார்த்துத்தான் வந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இது புரியும். நாகர்கோவிலில் ஓட்டல்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டயக் கணக்காளர் இல்லை. ஆனாலும் எல்லாரும் ‘ஆடிட்டரே’ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்துவதில்லை. தெருமுனை டீக்கடை முதல் கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த பெரிய ஓட்டல் வரை, காய்கறிச் சிட்டை, கேஸ் பில், சம்பளப் பதிவேடு, மாஸ்டருக்குக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் என் மேசைக்கு வரும். அதனால் எந்தக் கடைக்குச் சாப்பிடப் போனாலும் என் கண் முதலில் கல்லாவுக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் முதலாளியா, முதலாளியின் மைத்துனரா, சம்பளத்துக்கு இருப்பவரா? மைத்துனர் என்றால் அந்தக் கடையின் கணக்கு என்னிடம் வராமல் இருப்பதே நல்லது.

தம்பானூரில் கல்லாவில் இருப்பவர் சம்பளக்காரர். கல்லில் தோசை வார்ப்பவரும் சம்பளக்காரர். விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு தட்டைக் கொண்டுவந்து வைப்பவரும் அப்படித்தான். இவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள், பங்குதாரர்கள். நிர்வாகக் குழுவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்களும் இவர்களே. இது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை. மேலே முதலாளி என்று ஒருவர் கிடையாது.

முதலில் சாப்பாடு. வயிற்றைக் காயப்போட்டுவிட்டுக் கூட்டுறவு பேசினால் யார் கேட்பார்?

மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே சிவப்பாக இருக்கும். உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டைச் சேர்த்து மசித்த மசாலா. நம் பக்கத்து மஞ்சள் மசாலாவை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் பார்வையில் ஒரு திடுக்கிடல் இருக்கும். வாயில் வைத்தால் இனிப்பு லேசாகத் தெரியும், பின்னாலேயே மிளகு மாதிரி ஒரு காரம் வரும். என் மனைவிக்கு அது பிடிக்கவே பிடிக்காது, எனக்கு அது இல்லாமல் திருவனந்தபுரம் போன மாதிரியே இருக்காது. வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்தது கட்லெட். இதிலும் அதே சிவப்பு. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு. காய்கறிக் கட்லெட்டும் உண்டு, மட்டன் கட்லெட்டும் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் இரண்டாவதை விடாதீர்கள். முட்டை ரோஸ்ட், ஆம்லெட், பம்பாய் டோஸ்ட் எல்லாம் பழைய காலத்துப் பட்டியல். விலை, பக்கத்தில் குளிர்சாதன அறை வைத்திருக்கும் ஓட்டல்களை நினைத்தால் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு.

காபி வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வரும். டபராவும் இல்லை, ஆற்றிக் கொடுப்பதும் இல்லை. கும்பகோணத்து டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு இது மெலிவாகப் படும். அது அவரவர் ருசி. எனக்கு இன்னும் ஒரு பிடி டிகாக்‌ஷன் கூடுதலாக இருந்தால் சந்தோஷம்.

சரி, கல்லாவுக்கு வருகிறேன்.

என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஓட்டல்காரர் ஒருவரை ஒருமுறை இங்கே அழைத்து வந்தேன். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இரண்டு கடை வைத்திருக்கிறார். சுருள் பாதையில் மூச்சு வாங்க ஏறி, சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மேலேயும் கீழேயும் எத்தனை மேசை, எத்தனை தலை என்று அவர் மனசுக்குள் ஓடுவது எனக்குக் கேட்டது. கட்லெட் வந்தது. பாதி தின்றுவிட்டு, “ஆடிட்டரே, இந்த இடத்த ஒரே ஒரு ஆளு எடுத்து நடத்துனாம்னு வையும், எங்கேயோ போயிரும்லா,” என்றார்.

“எங்கே போகும் அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“துபாய்ல கிளை போட்டிருப்பான்.”

உண்மைதான், போட்டிருப்பான். போட்டவன் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கட்லெட்டை உருட்டியவர் பெயர் அப்போதும் தெரிந்திருக்காது.

அண்ணாச்சியின் கடை கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். கடை இருபத்தைந்து ஆண்டு முடித்தபோது ஒரு வெள்ளிவிழா மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் அண்ணாச்சியின் முழுப்பக்கப் படம், கீழே ‘ஒற்றை மனிதராய் எழுப்பிய சாம்ராஜ்யம்’. அதே வாரம் அந்தக் கடையின் சம்பளப் பதிவேடு என் மேசையில் இருந்தது. சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், அவர்களுக்குக் கைவேலையாட்கள், சப்ளையர்கள், மேசை துடைப்பவர்கள், பாத்திரம் கழுவும் மூன்று அம்மாக்கள், பார்சல் கட்டுபவர், விறகடுப்புக் காலத்திலிருந்து இருக்கும் ஒரு பெரியவர். ஒற்றை மனிதருக்கு எதற்கப்பா இத்தனை கையெழுத்து என்று நினைத்துக்கொண்டே கூட்டிப் போட்டேன்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. அந்தச் சரக்கு மாஸ்டர் ஏதோ மனத்தாங்கலில் கிளம்பிப்போய் வேறு ஊரில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டார். குருமாவும் சாம்பாரும் அவர் கையில்தான் இருந்தன. அடுத்த சில மாதங்களில் விற்பனை இறங்குவது பில் புத்தகத்தில் தெரிந்தது. காலை வியாபாரம் குறையவில்லை, மதியமும் இரவும்தான் சரிந்தன. அண்ணாச்சியிடம் காட்டினேன். “ஜனங்க நாக்கு மாறிப்போச்சு ஆடிட்டரே,” என்றார். கடை ஓடினால் ‘நான்’. ஓடவில்லையென்றால் ‘ஜனங்கள்’ அல்லது ‘ஆட்கள் சரியில்லை’. எனக்குத் தெரிந்த முதலாளிகளில் இந்த இலக்கணம் மாறாமல் இருக்கிறது, நல்லவர்களிடமும்.

ஆனால் அண்ணாச்சியைக் கேலி செய்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. அவர் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும். முதல் கடைக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். இருட்டோடு எழுந்து வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினார், இன்றும் வாங்குகிறார். கொரோனா முடக்கத்தில் கடை மூடிக் கிடந்தபோது ஆட்களை அனுப்பிவிடாமல் பாதிச் சம்பளமாவது கொடுத்தார். அதற்கு எடுத்த நகைக்கடனின் வட்டி என் கணக்கில் இருக்கிறது. மாஸ்டர் போனால் வேறு கடையில் மறுநாள் வேலை கிடைக்கும். கடை போனால் அண்ணாச்சிக்கு வீடும் போகும். இந்தப் பயத்தைச் சுமந்தவருக்கு ஒரு முழுப்பக்கப் படம் அதிகமில்லை. அடுத்த பக்கத்தில் மாஸ்டரின் படமும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வழக்கு.

காபி ஹவுஸின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் சாப்பிட்டால் கட்லெட் வெறும் கட்லெட்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் காபித் தோட்டக்காரர்களிடம் விளைந்த காபியை வாங்க உள்நாட்டில் ஆள் பழக வேண்டியிருந்தது. 1935இல் காபிக்கு ஒரு தீர்வை போட்டு, அதிலிருந்து ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் ‘இந்தியா காபி ஹவுஸ்’ திறந்தது. 1940களில் நாடு முழுக்க ஐம்பது கடைகள் வரை வந்துவிட்டன. நிர்வாகம் காபி வாரியத்தின் கையில். இன்று நாம் பார்க்கும் வெள்ளை உடுப்பும், இடுப்புப் பட்டையும், தலைப்பாகையும் அந்தக் காலத்து மிச்சம். 1950களின் நடுவில் வாரியம் கடைகளை மூடிவிட முடிவு செய்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு.

அப்போது தொழிலாளர் பக்கம் நின்றவர் ஏ.கே. கோபாலன், கேரளத்தில் எல்லாரும் ஏ.கே.ஜி என்று சொல்லும் கம்யூனிஸ்ட் தலைவர். வேலையைக் கொடு என்று கேட்பதோடு நிற்காமல், கடையையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்ற வழிக்குத் தொழிலாளரைத் திருப்பியவர் அவர். போராட்டத்துக்குப் பிறகு வாரியம் இணங்கியது. 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு டில்லி, அடுத்த ஆண்டு திருச்சூர். கடையின் பெயர் ‘இந்தியா காபி ஹவுஸ்’ என்பதிலிருந்து ‘இந்தியன் காபி ஹவுஸ்’ ஆயிற்று. இன்று பதின்மூன்று சங்கங்கள், எல்லாம் சேர்த்து 400க்கு நெருங்கிய கடைகள். புதுச்சேரிக்காரர்களுக்கு நேரு வீதியில் ஒன்று இருப்பது தெரிந்திருக்கும். கொல்கத்தா காலேஜ் தெருவில் இருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வங்காளிகள் அதை விட்டுவிட்டு வேறெதுவும் பேசுவதில்லை.

கணக்கு எழுதுகிறவனாக எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. வாரியம் நடத்திய கடைசி நாளிலும் சங்கம் நடத்திய முதல் நாளிலும் காபி போட்ட கைகள் அதே கைகள். போனது மேலே இருந்த நிர்வாகம் மட்டும். ஒரு வியாபாரத்தில் எது முக்கியம் என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுத்தமான சோதனையை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. தலையை எடுத்துவிட்டார்கள், உடம்பு எழுந்து நடந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் நடக்கிறது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. கேரளக் காபி ஹவுஸ்கள் பலவற்றில் ஏ.கே.ஜியின் படம் மாட்டியிருக்கும், அதை அவர் வேறொரு கிளையில் பார்த்திருக்கிறார். “அப்ப அவரு படத்த எதுக்கு மாட்டியிருக்கான்? என் கடையில என் படம், இவங்க கடையில அவரு படம். என்ன வித்தியாசம்? அவரு இல்லேன்னா இவங்க எல்லாரும் ஊரப் பாத்துப் போயிருப்பாங்க. அப்ப ஒத்த ஆளு வேணும்தான?”

வேண்டும்தான். இதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அத்தனை தொழிலாளருக்கும் காபி போடத் தெரியும், பரிமாறத் தெரியும், கொள்முதல் தெரியும். நாமே கடையை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கேரளத்தில் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை மாதிரி, தானே காபி ஹவுஸ் தொழிலாளியாக இருந்து சங்கத்தைக் கட்டி நிறுத்தியவர்களும் வேண்டியிருந்தது. ஆனால் ஏ.கே.ஜி 1977இல் காலமானபோது அவர் குடும்பத்திலிருந்து யாரும் வந்து கல்லாவில் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை, ஏனென்றால் அது அவர் கடை இல்லை. அண்ணாச்சியின் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் அதுதான் வித்தியாசம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, இன்னொரு கட்லெட் சொன்னார். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு கடை. அந்தக் கணக்கு வேறு.

கூட்டுறவு என்றதும் தனி ஆள் பெயர் மறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமுல் என்றதும் நம் வாயில் வரும் பெயர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், மலையாளிகளுக்கு அதில் பெருமை. பெருமைப்பட வேண்டியவர்தான். ஆனால் அவர் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 1949இல். பின்னால் அமுல் என்று பெயரெடுத்த கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946 டிசம்பரிலேயே பதிவாகிவிட்டது. ஊர் ஊராக நடந்து விவசாயிகளைச் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, முடியும் என்று செய்து காட்டிய தொழில்நுட்பக்காரர் எச்.எம். தலாயா. இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 1963இல் மகசேசே விருதைக் குரியனுக்கு மட்டும் தராமல் படேலுக்கும், பம்பாய்ப் பால் திட்டத்தின் தாரா குரோடிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். விருது கொடுத்தவர்களுக்கு இருந்த நிதானம் நம் பாடப்புத்தகங்களுக்கு இல்லை. இதில் காலையும் மாலையும் பால் கறந்து கொண்டுவந்து ஊற்றியவர்களின் பட்டியல் இன்னும் தொடங்கவே இல்லை.

தம்பானூர்க் கட்டடத்துக்கும் இதே கதைதான். கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். செலவைக் குறைத்துக் கட்டுவதில் மன்னன். செங்கல்லை எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் நிறுத்திவைத்து, நடுவே வெற்றிடம் விட்டு, கல்லும் காரையும் மிச்சம் பிடிப்பார். சுவருக்குள் காற்று இருப்பதால் வெயிலும் உள்ளே இறங்காது. ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கி ஓட்டைகளை உண்டாக்கிவிடுவார். காபி ஹவுஸில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஓட்டைகள் வழியே பேருந்து நிலையத்தின் சத்தமும், காற்றும், துண்டு துண்டாக வெளிச்சமும் வரும். படிக்கட்டே இல்லை. நடுவில் ஓர் உருளை, அதைச் சுற்றி ஏறும் ஒரே சரிவு, சரிவின் ஓரமாக வரிசையாக மேசைகள். தரை சாய்ந்திருக்கும், மேசை மட்டமாக இருக்கும். காபி சிந்தாது. முதல் தடவை போகிறவர்கள் கோப்பையை ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

இப்போது அந்தச் சரிவில் தட்டு ஏந்தி ஏறுகிறவரைப் பாருங்கள். ஒரு கையில் தோசை, மறு கையில் காபி, காலை முதல் இரவு வரை ஏற்றமும் இறக்கமும். ஊரெல்லாம் பேக்கர் கட்டடம் என்று சொல்கிறது, சரிதான். அந்த வளைவுக்கு ஏற்றபடி செங்கல்லை அணு அணுவாகத் திருப்பி வைத்த கொத்தனார்களும் உண்டு. பேக்கரே அவர்களோடு நின்று வேலை செய்தவர் என்பதால் அவர் இதை ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். வரைந்தவர் ஒருவர், அடுக்கியவர் ஒருவர், தினமும் ஏறுகிறவர் ஒருவர். கடை என்பது இந்த மூன்றாவது ஆள்தான் என்பது என் கட்சி. அண்ணாச்சிக்கு முதல் ஆள்.

பரிமாறுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஓட்டல்களில் முதலாளி கடைக்குள் நுழைந்ததும் சப்ளையரின் நடையே மாறும். துண்டு தோளுக்குப் போகும், குரல் ஏறும், காலியான மேசைகள் தானாகத் துடைபடும். முதலாளி கிளம்பியதும் பழையபடி ஆகிவிடும். இதை என்னால் தூரத்திலிருந்தே சொல்ல முடியும். தம்பானூரில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. யார் வந்தாலும் போனாலும் ஒரே வேகம். ‘சேட்டா, ஒரு காபி’ என்றால் தலையசைப்பார், அவ்வளவுதான். குழைவும் இல்லை, விரட்டலும் இல்லை. ‘வேறென்ன சார், ஸ்வீட் ஏதாவது?’ என்று பில்லை ஏற்றப் பார்ப்பதும் இல்லை. நம் உபசரிப்பில் பழகியவர்களுக்கு இது ஒட்டுதல் இல்லாதது போலத் தோன்றும். எனக்கு இது தன் வீட்டில் நடமாடுகிறவரின் நிதானமாகத் தெரிகிறது. இங்கே பெரும்பாலும் அடிமட்டத்தில் சேர்ந்து படிப்படியாக ஏறுவதுதான் வழக்கம். இன்று மேசை துடைப்பவர் நாளைக்குக் கிளை மேலாளராக வரலாம். அட்வான்ஸ் கொடுத்து மாஸ்டரைக் கட்டிப்போடும் எங்கள் ஊர்த் தந்திரத்துக்கு இங்கே அவசியம் இல்லை. எங்கள் கடைகளில் அந்த அட்வான்ஸ் பாதி திரும்பி வருவதே இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் படும் பாடு தனிக் கதை.

அதற்காக எல்லாக் கடையும் இப்படி ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டாக நடத்தும் கடையில் எது வராது என்பதும் இங்கேயே தெரிகிறது. பட்டியலைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய அதே பட்டியல். புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிற ஆளுக்கு இங்கே என்ன கிடைக்கும்? ஓடினால் பெயர் எல்லாருக்கும். ஓடாவிட்டால் பொதுக்குழுவில் கேள்வி அவருக்கு. அண்ணாச்சி ஒரே இரவில் முடிவு செய்து மறுநாள் காலையில் கம்பு தோசை போட்டார், இரண்டு வாரத்தில் அதைத் தூக்கியும் விட்டார், யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அந்த வேகம் தனி ஆளுக்குத்தான் வரும். இடம் பிடிப்பதிலும் அப்படியே. பெங்களூர் எம்.ஜி. சாலையில் இருந்த காபி ஹவுஸ் 2009இல் அந்த இடத்தை விட்டுச் சர்ச் தெருவுக்குப் போக வேண்டி வந்தது. சொந்தமாகப் பெரும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டி இடத்தையே வளைத்துப் போட அங்கே ஒரு பணக்கார முதலாளி இல்லை.

ஆனால் ஒன்று. அந்த மாறாத பட்டியலுக்காகத்தான் நான் போகிறேன். எங்கள் ஊரில் எனக்குப் பிடித்த ஒரு கடையின் குருமா, மாஸ்டர் மாறியதும் செத்துப் போயிற்று. தம்பானூரில் என் வயதில் எத்தனையோ பேர் வேலைக்கு வந்து ஓய்வு பெற்றும் போயிருப்பார்கள், பீட்ரூட் மசாலா மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கைப்பக்குவம் ஒருவர் சட்டைப்பையில் இல்லாமல் அடுக்களைக்கே சொந்தமாக இருக்கிறது. ஓட்டல் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எங்கள் மாஸ்டர்கள் மசாலாவை அரைக்கும்போது ஆளைக் கிட்டே விடமாட்டார்கள். விடுவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? தெரிந்தவன் இன்னொருவன் வந்தால் தன் சம்பளம் குறையும். கடையில் பங்கு இருந்தால் கற்றுக்கொடுப்பான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் ரயில் இறங்கியதும் நேரே போனால் இடம் எளிதாகக் கிடைக்கும். மாலையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், மாணவர்கள், கட்டடத்தைப் படம் எடுக்க வந்தவர்கள் என்று சரிவு முழுக்க நிரம்பிவிடும். மேலே ஏற ஏறக் கூட்டம் குறையும், காற்றும் நன்றாக வரும். முட்டுவலிக்காரர்கள் கீழ்ச் சுற்றிலேயே உட்காருங்கள். படி இல்லையே என்று நம்பிப் போய்விட வேண்டாம், சரிவும் முட்டுக்குச் சரிவுதான். பெஞ்ச் கட்டடத்தோடு சேர்ந்தது, நகர்த்த முடியாது. என்னைப் போல வயிறு முன்னே வந்தவர்கள் கொஞ்சம் சாய்ந்தே உட்கார வேண்டும். குளிர்சாதனம் கிடையாது. வாளி சாம்பாரோடு மேசைக்கு மேசை வரும் ஆளை எதிர்பார்ப்பவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். பில்லை எடுத்துக்கொண்டு வந்து கல்லாவில் பணம் கட்ட வேண்டும். அப்போது கல்லாவில் இருப்பவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். காபிக்காக ஒன்றும் குறைக்கவில்லை, அது என் நாக்கின் பிரச்சினை. குறைத்த ஒன்று வேறொரு கணக்கு. தொழிலாளரே முதலாளி என்று 1958இல் கேரளத்தில் தொடங்கிய கடைகளில், பல பத்தாண்டுகளாகத் தலைப்பாகை கட்டிப் பரிமாறியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் பரிமாற வந்தது அண்மை ஆண்டுகளில்தான், அதுவும் விரல் விட்டு எண்ணும் அளவில். அண்ணாச்சி கடையில் பாத்திரம் கழுவும் அந்த மூன்று அம்மாக்களும் வெள்ளிவிழா மலரில் இல்லை. ஆனால் சம்பளப் பதிவேட்டிலாவது இருந்தார்கள்.